கிரெடிட்

அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எல், டி, பி, சி என்று நான்கு கட்டங்கள் இருக்கும். முதல் மூன்றும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விரிவுரை, பயிற்சி வகுப்பு, செய்முறை என்பதைச் சொல்கின்றன. நான்காவதுதான் கிரெடிட்.

லத்தீனில் 'கிரெதெரே' என்றால் நம்புதல். அதன் வழிவந்த 'கிரெதிதும்', நம்பிக் கொடுத்த கடனைக் குறித்தது. வணிகக் கணக்கில் வரவைக் குறித்த இச்சொல், மாணவர் கணக்கில் சேரும் படிப்பையும் குறிக்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விருப்பப் பாட முறை பரவியது. வெவ்வேறு பாடங்களை ஒன்றாகக் கூட்ட ஒரு பொது அளவை தேவைப்பட்டது.

இந்தியாவில் கணக்கு எளிது. வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட். செய்முறைக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். '3 0 0 3' என்றால் முழுக்க விரிவுரை. '0 0 4 2' என்றால் ஆய்வகம்.

சராசரி கணக்கிடும்போது ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியும் அதன் கிரெடிட்டால் பெருக்கப்படுகிறது. எனவே நான்கு கிரெடிட் பாடத்தில் சறுக்கினால் இழப்பு பெரிது. விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த நான்காவது கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.