இத்தாலிய மொழியும் பண்பாடும் (உயர்தர வகுப்புக் கல்வி)

இத்தாலிய மொழியை அதன் இலக்கியம், வரலாறு, கலைகளோடு சேர்த்துப் பள்ளியின் மேல்வகுப்பில் கற்பிக்கும் பாடநெறி. அமெரிக்காவின் ஏ.பி. (Advanced Placement) தேர்வு 2006இல் முதன்முறை நடந்து, 2009க்குப் பின் நிறுத்தப்பட்டு, 2012இல் மீண்டும் வந்தது. பிரித்தானிய ஏ லெவலில் மாணவர் இரண்டு படைப்புகளை ஆழ்ந்து படித்து இத்தாலியத்திலேயே கட்டுரை எழுதவேண்டும். அவற்றுள் ஒன்று திரைப்படமாக இருக்கலாம்.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை மாணவர்களுக்கு அயல்மொழி என்றதும் பிரெஞ்சும் ஜேர்மனுமே முதலில் நினைவுக்கு வரும். அலியான்ஸ் பிரான்சேயும் கெத்தே நிறுவனமும் கொழும்பு 7இல், சிறிது நேர ஓட்டோப் பயணத்தில் இருக்கின்றன. இத்தாலியத்தை இந்த அளவு ஆழமாகக் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் காணச் சிசிலித் தீவின் பலெர்மோவுக்குத்தான் போகவேண்டும். இலங்கைத் தமிழர் கணிசமாக வாழும் நகரம் அது. பெல்லெகிரினோ மலையிலுள்ள புனித ரொசாலியா குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவர்களும் நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள்.

அங்கே மேல்நிலைப் பள்ளியான லிச்சேயோ ஐந்து ஆண்டுகள். கடைசி மூன்று ஆண்டுகளிலும் தாந்தேயின் 'தெய்வீக இன்பியல்' பாடமாகும். அதன் 100 காண்டங்களில் 25ஐயாவது படிப்பிக்கவேண்டும் என்பது 2010ஆம் ஆண்டின் வழிகாட்டல். இறுதித் தேர்வான மத்துரித்தாவின் முதல் தாள் ஆறு மணிநேர இத்தாலியக் கட்டுரை. எல்லாத் துறையினருக்கும் இது பொது. அறிவியல் படிப்பவருக்கும் இலக்கியத்தில் விலக்கு இல்லாத இந்த ஏற்பாடு நம்முடைய உயர்தரத்துக்கும் வரவேண்டியது.

இத்தாலியத்தின் எழுத்து வழக்கு தாந்தே, பெத்ராக்கா, பொக்காச்சியோ எழுதிய தொஸ்கானாப் பேச்சிலிருந்து வளர்ந்தது. 1861இல் நாடு ஒன்றானபோது அதைப் பேசியவர்கள் மிகச் சிலரே. வீட்டில் சிசிலியம், பள்ளியில் இத்தாலியம் என்ற நிலை பலெர்மோவில் இன்றும் உண்டு. வீட்டில் ஒரு தமிழ் பேசி விடைத்தாளில் வேறு தமிழ் எழுதிப் பழகிய நம் மாணவருக்கு இது புதிதல்ல. பாடநெறியின் கடினமான பகுதியை அவர்கள் தாய்மொழியிலேயே கடந்துவிடுகிறார்கள். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழின் இந்த இரட்டை வழக்கை உணர்ந்து, கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதினார்.

பள்ளிக்கு வெளியே படிப்போருக்குச் சியேனா வெளிநாட்டார் பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெருஜாவின் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளிதா ஆகிய சான்றிதழ்கள் உள்ளன. 2018 முதல் திருமணத்தாலோ வதிவிடத்தாலோ இத்தாலியக் குடியுரிமை கோருவோர் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் பி1 நிலையை எட்டவேண்டும். உயர்தரப் பாடநெறியின் இலக்கு அதற்கும் மேலானது.