கந்தப்பளைக்குக் கோச்சி வந்த காலம்



இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் எது என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் பட்டிப்பொல என்பார்கள். 6,226 அடி, விடை சரிதான். ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பெருமை நம்ம கந்தப்பளைக்கு இருந்தது, 6,316 அடி. இதைச் சொன்னால் கந்தப்பளைப் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். "சேர், எங்க ஊருக்கு ஏது கோச்சி?"

இருந்தது மக்களே. பிரதான பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. அதற்கப்பால் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலையை மாட்டு வண்டிதான் இழுத்தது. 1903 கடைசியில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியாக இராகலைக்கும் ஒரு சின்னக் கோச்சிப் பாதை போட்டார்கள். மொத்தம் சுமார் 19 மைல். நுவரெலியாவுக்குக் குளிர் காய வந்த வெள்ளைக்காரர்களும் அதில் ஏறினார்கள். (குளிர் காயவா, குளிரில் நனையவா, அவர்களுக்குத்தான் வெளிச்சம்!) ஆனால் பாதை போட்டது தேயிலைப் பெட்டிக்காக.

அந்தப் பெட்டியிலேயே சிக்கலும் இருந்தது. இந்தப் பாதையில் தண்டவாள இடைவெளி இரண்டரை அடி, பிரதான பாதையில் ஐந்தரை அடி. ஒரு வண்டி மற்றதில் ஓடாது. இராகலையில் ஏற்றிய பெட்டி ஒவ்வொன்றையும் நானுஓயாவில் இறக்கி, திரும்பவும் பெரிய கோச்சியில் ஏற்ற வேண்டும். லொறி வந்ததும் கணக்கு மாறிவிட்டது. தொழிற்சாலை வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகிற லொறியோடு எந்த ரயில் போட்டி போடும்? 1940களில் சின்னக் கோச்சி நின்றுபோனது, தண்டவாளமும் போய்விட்டது.

பிறகு 1964 ஒப்பந்தம் வந்து, நம் சனம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, கந்தப்பளையிலோ இராகலையிலோ ஏறுவதற்கு ஸ்டேஷன் இல்லை. மூட்டை முடிச்சோடு வேறு வாகனம் பிடித்துப் போய்த்தான் தலைமன்னாருக்கான ஒப்பாரிக் கோச்சியில் ஏற வேண்டியிருந்தது. தேயிலைக்கு இருந்த பாதை, அதைப் பறித்தவர்களுக்கு இல்லாமல் போனது.

இன்று கந்தப்பளையில் ரயில் பெட்டி பார்க்க வேண்டுமானால் ஹெதர்செட் பழைய தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அது 1990களில் ஹோட்டலானது. அங்கே ஒரு பழைய ரயில் பெட்டியைச் சாப்பாட்டு அறையாக்கியிருக்கிறார்கள். நம் சம்பளத்துக்கு வெளியில் நின்று பார்க்கலாம்!

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சின்னக் கோச்சியைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். எந்த லயத்துக்கு மேலால் போனது, எந்த மலையடியில் வளைந்தது, அவ்வளவு போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு வருகிறேன்.