கையடக்கக் கருவியில் தொழுகை நேரம்: ஏற்காடு மலைக்கு எந்தக் கணக்கு?

செல்பேசி பரவாத காலத்தில், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் நம்மவர்கள் பலரிடம் ஒரு 'டிஜிட்டல் டைரி' இருக்கும். தொலைபேசி எண்களையும் கணக்குகளையும் அதில் குறித்து வைப்பார்கள். 1996-ல் வெளிவந்த பாம் பைலட் கருவியில் கூடுதலாக ஒரு வசதி இருந்தது. பிறர் எழுதிய மென்பொருட்களையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம். தொழுகை நேரம் கணிக்கும் மென்பொருட்களும் அப்படித்தான் சட்டைப்பைக்கு வந்தன.

துணைக்கருவிகள்

பாம் பைலட்டின் முதல் மாடல்களில் நினைவகம் 128 அல்லது 512 கிலோபைட் மட்டுமே. இரண்டு சிறிய ஏஏஏ பேட்டரிகளில் இயங்கும். எழுத ஒரு ஸ்டைலஸ் குச்சி, கணினியுடன் இணைக்க 'கிரேடில்' என்ற தாங்கி ஆகியவை உண்டு. தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் கருவிக்குள் ஏறும். கருவியில் உள்ளவை கணினியில் நகலாகும். பேட்டரி முழுவதும் தீர்ந்துவிட்டால் பதிந்தவை அழிந்துவிடும் என்பதால் இந்த நகல் மிக அவசியம்.

மென்பொருள் கேட்கும் விவரங்கள்

தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் ஆகியவற்றைக் கொண்டு சூரியனின் நிலையை மென்பொருள் கணக்கிடும். ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 11.78 வடக்கு, 78.2 கிழக்கு. நேர மண்டலம் 5.5. இதை 5 என்று பதிந்தால் எல்லா நேரமும் அரை மணி நேரம் பிசகிவிடும். அஸருக்கு நிழலின் அளவு ஒரு மடங்கா, இரு மடங்கா என்பதையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபினர் இருவரும் வாழும் தமிழகத்தில் இது முக்கியம். ஃபஜ்ர், இஷா நேரங்கள் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் உள்ளது என்பதைப் பொறுத்தவை.

விடுபட்ட ஒன்று: உயரம்

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் தீர்க்கரேகை வேறுபாடு மிகச் சிறிது. நேரத்தில் சில வினாடிகளே வரும். எனவே சேலத்து நேரமே மலைக்கும் பொருந்தும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது; ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர். உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரியும். மேற்கே மலைத்தடை இல்லையென்றால், 1,200 மீட்டர் வேறுபாட்டுக்குச் சூரியன் மறைவது சுமார் 4 நிமிடம் தாமதமாகும். உயரத்தைக் கேட்காத எளிய மென்பொருட்கள் சமதளக் கணக்கையே தரும்.

ரமளானில் இது நோன்பையே பாதிக்கும். சேலத்தில் மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில், ஏற்காடு லேடீஸ் சீட் முனையில் நிற்பவருக்குச் சூரியன் கண்ணுக்குத் தெரியலாம். தெரியும்வரை அவருக்கு நோன்பு திறக்கும் நேரம் வரவில்லை. 2011-ல் துபாய் புர்ஜ் கலீஃபா கட்டடத்தில் 80-வது மாடிக்கு மேல் வசிப்போர் 2 நிமிடமும், 150-வது மாடிக்கு மேல் வசிப்போர் 3 நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று அங்குள்ள மார்க்க அறிஞர்கள் விளக்கமளித்ததும் இதே காரணத்தால்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். சேர்வராயன் மலைத்தொடரின் பள்ளத்திலுள்ள காபித் தோட்டத்தில் சூரியன் சீக்கிரமே மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அது மறைவு ஆகாது. கிழக்கு திறந்திருக்கும் உச்சிகளில் சூரியன் முன்னதாகவே உதிக்கும் என்பதால், ஃபஜ்ரைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடுவதும் ஆபத்து.

இன்றைக்கும் பொருந்தும்

1999-ல் வந்த ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் கருவியின் பின்பக்கத்தில் ஜி.பி.எஸ். பொருத்திக்கொள்ள முடிந்தது. இன்று அது பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் உள்ளது. ஆனாலும் இடத்தை அறியும் செயலி, உயரத்தையும் கணக்கில் சேர்க்கிறதா என்று அமைப்புகள் பகுதியில் பார்த்துக்கொள்வோம். சேர்க்கவில்லையென்றால், மலையில் தங்கும் நாட்களில் அங்குள்ள பள்ளிவாசலின் நேரத்தைக் கேட்டறிந்து, மேற்கு வானத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு நோன்பு திறப்போம்.