ஓரடி ஆழம்: உழவு நிலத்து ஈமமேடுகளும் பாதுகாப்புச் சட்டங்களும்

முன்னோர் தாழி புதைத்த மேட்டைச் சட்டம் எப்போது கண்டுகொண்டது? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்கு மேடு ஒரு பொருட்டே இல்லை. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான பொருள் அகப்பட்டால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உடைந்த தாழிக்கு அன்று யார் காலணா கொடுத்திருப்பார்கள்? அதற்கு இரண்டாண்டு முன்பே, 1876இல், ஜெர்மானியரான ஜாகர் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோயிருந்தார்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே ஏவ்பரி கல்வட்டத்துக்குள் வீடுகள் எழப்போவதைக் கண்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லப்பக், அந்த நிலத்தையே விலைக்கு வாங்கினார். பின்பு அவர் முயற்சியால் 1882இல் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் முதல் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்திய மேடுகளும் கல்வட்டங்களுமே. வைஸ்ராய் கர்சன் காலத்தில் இந்தியாவுக்கு வந்த 1904ஆம் ஆண்டுச் சட்டமும் நினைவுச்சின்னத்தின் வரையறைக்குள் ஈமமேட்டையும் பிணம் புதைத்த இடத்தையும் சேர்த்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டை அகழ்ந்துகொண்டிருந்தார். 114 ஏக்கர் கொண்ட அந்த இடுகாடு தப்பிப் பிழைத்ததற்குச் சட்டத்தைவிட அதன் சரளை மண்தான் காரணம் என்பேன். அங்கே ஏர் பூட்ட யாருக்கும் ஆசை வராது.

கரிசலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விளையும் நிலத்துக்கு நேராக விடை சொன்னது 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. பாதுகாக்கப்பட்ட பகுதியில் நிலத்துக்காரரே ஆனாலும் அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பவோ, குவாரி போடவோ, வெடி வைக்கவோ கூடாது. ஆனால் பயிர் செய்யலாம், மேல்மண்ணில் ஓரடிக்கு மேல் தோண்டாதவரை. எழுதியவர்கள் மனத்தில் நாட்டுக் கலப்பை இருந்திருக்க வேண்டும். அது அரையடி இறங்கினாலே அதிகம். இன்று அடிமண் இறுக்கத்தை உடைக்க வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் உளிக்கலப்பை 45 செ.மீ. வரை, அதாவது ஒன்றரை அடி, கீழே போகும். தாழியின் வாய் அந்த ஆழத்தில் இருந்தால் ஒரே சாலில் விளிம்பு நொறுங்கும். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, மழையில் மறுபடி மூடும்போது சில்லுகள் இடம் மாறும், எது எந்த அடுக்கில் கிடந்தது என்ற தடயமும் கலையும். சம்சாரியைக் குறை சொல்ல வழியில்லை. ஆழ உழச் சொல்வதும் அரசுத் துறைதான்.

மாநிலத் தொல்லியல் துறை 1961இல் அமைந்தது. மாநிலச் சட்டம் 1966இல் வந்தது. விருதுநகர் மாவட்டத்தில் அந்தத் துறையின் அகழாய்வு 2022இல் நடந்தது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில் 25 ஏக்கரில் கிடக்கும் மேட்டுக்காடு இடுகாடன்று, குடியிருப்பு மேடு. ஆயினும் உழவுச் சிக்கல் ஒன்றேதான். முதற்கட்ட அகழாய்வில் மட்டும் 3,254 பொருள்கள் கிடைத்தன. நுண்கற்கருவி, சுடுமண் பொம்மை, கண்ணாடி மணி என்று பட்டியல் நீள்கிறது. அறுத்த சங்கும் வளையல் துண்டுகளும் அங்கே பட்டறை நடந்ததைக் காட்டுகின்றன. 2023இலும் 2024இலும் பணி தொடர்ந்தது.

பாதுகாக்கப்பட்ட பகுதி என அறிவிக்கை வெளியான இடத்துக்கே சட்டம் காவல். இதே மாவட்டத்தில், சூலக்கரை முதல் சிவகாசி வரை பட்டாசு ஆலைகளில் அறைக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியை மீட்டர் கணக்கில் அளந்து பார்க்க அதிகாரிகள் உண்டு. பானை ஓடுகள் சிதறிக் கிடக்கும் புன்செயில் கொழு எத்தனை அடி இறங்குகிறது என்று அளக்க ஆளில்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பயிரை எழுத இடமுண்டு. அதிலேயே, தாழி தென்பட்ட சர்வே எண்ணுக்கு எதிரே ஒரு குறிப்பு ஏறினால், மண் அள்ள அனுமதி கேட்டு மனு வரும் நாளில் தாசில்தார் கண்ணில் அது படும்.