வருவது யார்? ஐஸ்கஸியில் அமர்வு அடையாளமும் அதன் மறுபயன்பாடும்

ஸ்கஸி கட்டளைகளை டிசிபி இணைப்பின் மேல் ஏற்றி அனுப்பும் ஐஸ்கஸி நெறிமுறையை 2004 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 3720 வரையறுத்தது. அதையும் பின்னர் வந்த திருத்தங்களையும் 2014-இல் ஆர்எஃப்சி 7143 ஒரே ஆவணமாகத் தொகுத்தது. இரண்டிலும் மாறாமல் நிற்கும் ஒரு 48 பிட் களத்தைப் பற்றியது இக்கட்டுரை. அதன் பெயர் இனிஷியேட்டர் அமர்வு அடையாளம், சுருக்கமாக ஐஎஸ்ஐடி. இந்தப் பெயரே பொருத்தமற்றது, அதனால்தான் அதை எப்போது மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்பதில் இத்தனை பிழைகள் நேர்கின்றன என்பது என் வாதம்.

டிஸ்க்கைக் கேட்டு வரும் சர்வர் இனிஷியேட்டர். டிஸ்க்கைத் தரும் ஸ்டோரேஜ் டார்கெட். லாகின் செய்யும்போது இனிஷியேட்டர் தன் பெயரோடு ஐஎஸ்ஐடியையும் தருகிறது. புதிய அமர்வு என்றால் டிஎஸ்ஐஎச் என்ற களத்தில் சுழியம் இருக்கும். டார்கெட் அதற்கு 16 பிட் எண் ஒன்றை வழங்கும். 48-உம் 16-உம் சேர்ந்து 64 பிட் அமர்வு அடையாளம் உருவாகிறது. ஐஎஸ்ஐடியின் முதல் 2 பிட்டுகள், மீதியை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று சொல்கின்றன: ஈதர்நெட் முகவரிகளுக்கு ஐஇஇஇ தரும் நிறுவனக் குறியீடு, ஐஏஎன்ஏ தரும் நிறுவன எண், அல்லது தற்போக்கு எண். லினக்ஸின் ஓபன்-ஐஸ்கஸி முதல் முறையைப் பின்பற்றி, 00-02-3டி என்று தொடங்கும் ஐஎஸ்ஐடியைத் தருகிறது. அது சிஸ்கோவுக்கு உரிய குறியீடு.

இதுவரை பார்த்தால் ஐஎஸ்ஐடி ஒரு வரிசை எண் போலத்தான் தோன்றும். ஆனால் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இனிஷியேட்டரின் பெயருக்குப் பின்னால் ஐஎஸ்ஐடியின் 12 பதினறும இலக்கங்களைச் சேர்த்தால் கிடைப்பதுதான் ஸ்கஸி அடுக்கில் இனிஷியேட்டர் போர்ட்டின் பெயர். அமர்வு முடிந்துபோகும், போர்ட் முடிவதில்லை. அமர்வுக்கு என்று பெயரிடப்பட்ட களம் உண்மையில் போர்ட்டுக்குப் பெயர் வைக்கிறது.

இந்த வேறுபாடு உயிர்நாடியாவது, டிஸ்க்கை அணுகும் உரிமையைப் பிடித்து வைக்க உதவும் பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷனில். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு நோடும் 8 பைட் சாவி ஒன்றை டார்கெட்டில் பதிவு செய்கிறது. அந்தப் பதிவு இனிஷியேட்டர் போர்ட், டார்கெட் போர்ட் என்ற இணையோடு கட்டப்பட்டது. மின்சாரம் போனாலும் பதிவு நிலைக்க வேண்டும் என்று கேட்டால், லினக்ஸின் எல்ஐஓ டார்கெட் அதைக் கோப்பில் எழுதி வைக்கிறது. இனிஷியேட்டர் பெயருக்கு அடுத்த வரியில் ஐஎஸ்ஐடியும் இருக்கும். இப்போது, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிய தற்போக்கு எண்ணை உருவாக்கும் இனிஷியேட்டர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். திரும்பி வரும்போது அது டார்கெட்டுக்கு அந்நியன். தான் பிடித்த பூட்டைத் தானே திறக்க முடியாமல், ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட் என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெளியே நிற்கும்.

ஆகவேதான் ஆர்எஃப்சி இரண்டு விதிகளை அருகருகே வைக்கிறது. ஒரே இனிஷியேட்டருக்கும் ஒரே டார்கெட் போர்ட்டல் குழுவுக்கும் (ஸ்கஸி அடுக்கில் டார்கெட் போர்ட்டாக நிற்பது இதுதான்) இடையில் ஒரு ஐஎஸ்ஐடியோடு ஓர் அமர்வுதான் இருக்கலாம். வேறு போர்ட்டல் குழுக்களுக்குப் போகும்போதோ, கையிலிருக்கும் ஐஎஸ்ஐடியையே கூடியவரை மீண்டும் பயன்படுத்த வேண்டும். ஐஎஸ்ஐடியை எண்ணாக நினைப்பவருக்கு இவை முரணாகப் படும். பெயராக நினைத்தால் முரணே இல்லை: ஒருவர் பல வீடுகளுக்கு ஒரே பெயரோடு போகலாம், ஒரே வீட்டுக்குள் அந்தப் பெயரில் இருவர் இருக்க முடியாது.

இருவர் வந்துவிட்டால்? சுழிய டிஎஸ்ஐஎச்சுடன், ஏற்கெனவே உயிரோடிருக்கும் ஐஎஸ்ஐடியைக் காட்டி லாகின் வந்தால், டார்கெட் பழைய அமர்வை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டும். இதற்கு அமர்வு மீட்டமைப்பு என்று பெயர். விதி நியாயமானது. கிராஷ் ஆன சர்வரிடம் பழைய டிஎஸ்ஐஎச் இருக்காது. தன் பெயரைச் சொல்லி உள்ளே வர அதற்கு வேறு வழியில்லை. ஆனால் இதே விதி குளோன் செய்யப்பட்ட மெய்நிகர் எந்திரங்களிடம் கொடூரமாக நடந்துகொள்கிறது. இனிஷியேட்டர் பெயர் உள்ள கோப்பும் குளோனோடு நகலாகிவிடும். இரண்டாவது எந்திரம் லாகின் செய்ததும் முதலாவது வெளியேற்றப்படும். அது இணைப்பு அறுந்ததாக எண்ணி மீண்டும் லாகின் செய்ய, இரண்டாவது வெளியேறும். முடிவில்லாத இந்தத் தள்ளுமுள்ளுவின் இடைவெளிகளில் இருவரும் ஒரே கோப்பு முறைமையில் எழுதவும் கூடும்.

நெறிமுறையைக் குறை சொல்வோர் பிற நெறிமுறைகளைக் காட்டுகிறார்கள். என்எஃப்எஸ் 4-இல் கிளையன்ட் தன் பெயரோடு 8 பைட் சரிபார்ப்பு மதிப்பு ஒன்றைத் தருகிறது. ரீபூட் ஆனால் அது மாறும், சர்வர் பழைய நிலையைக் கழித்துவிடும். வேறொரு பயனர் அடையாளம் அதே பெயரைக் கோரினால் மறுக்கவும் சர்வருக்கு வழியுண்டு. எஸ்ஆர்பி நெறிமுறையில், பழைய சேனல்களை மூடவா, இருக்கட்டுமா என்று இனிஷியேட்டரே லாகினில் சொல்லிவிடுகிறது. ஐஸ்கஸியில் அப்படிச் சொல்ல இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் குளோன்கள் இரண்டும் ஒரே சொல்லைத்தான் சொல்லும், ஒரே கடவுச்சொல்லைத்தான் தரும். சரிபார்ப்பு மதிப்பு மாறியிருப்பதைக் கண்டு, ரீபூட் ஆனதா, இரட்டையர் வந்தாரா என்று சர்வரால் பிரித்தறிய இயலாது.

என்விஎம்இ ஓவர் ஃபேப்ரிக்ஸ் என்ற ஸ்டோரேஜ் நெறிமுறை பெயரையும் அமர்வையும் பிரித்தது. அந்தப் பிரிப்பை நான் வரவேற்கிறேன். அங்கே ரிசர்வேஷன் 128 பிட் ஹோஸ்ட் அடையாளத்தோடு கட்டப்பட்டது. இணைப்புக்குக் கன்ட்ரோலர் எண் தனி. ஆனால் அந்த ஹோஸ்ட் அடையாளமும் குளோனோடு நகலானால், யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள். இரு எந்திரங்களும் ஒரே ஹோஸ்ட்டாக எண்ணப்பட்டு, ஒன்று பிடித்த ரிசர்வேஷனின் உரிமையோடு மற்றதும் ஓசையின்றி எழுதும். ஐஸ்கஸியின் தள்ளுமுள்ளு லாகில் பதிவாகிறது, நிர்வாகி ஓடிவருகிறார். ஆகவே மறுபயன்பாட்டு விதியைத் தளர்த்துவதை நான் ஏற்கவில்லை. டெம்ப்ளேட்டிலிருந்து பெயர்க் கோப்பை நீக்கி, முதல் முறை பூட் ஆகும்போது மட்டும் பெயரை உருவாக்கி, அதன்பின் அதைத் தொடாமல் வைக்கச் செய்வதே சரியான திருத்தம்.