நாடாவில் எழுதப்பட்ட வரலாறு: கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் மேடை நிகழ்ச்சிகளும் ரசிகர் ஆவணமாக்கமும்

முன்னுரை

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் 1965ஆம் ஆண்டு உருவான கிரேட்ஃபுல் டெட் என்னும் அமெரிக்க ராக் இசைக்குழு, அதன் முதன்மைக் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டு 9ஆம் நாள் மறைந்த காலம்வரை ஏறத்தாழ 2,300 மேடை நிகழ்ச்சிகளை நடத்தியது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் ஒலிப்பதிவு ஏதேனும் ஒரு வடிவில் இன்றும் கிடைக்கிறது. நிகழ்ந்த கணமே கரைந்துவிடும் நிகழ்த்துகலைக்கு இத்துணை விரிந்த சான்றுத் தொகுதி அமைவது அரிது. அதைத் திரட்டிக் காத்தோருள் பெரும்பாலோர் நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கினுள் வந்த ரசிகர்கள் என்பது அதனினும் அரிது. 'டெட்ஹெட்' என அழைக்கப்படும் இவர்களைப் பற்றிச் சமூகவியலார் முன்னரே எழுதியுள்ளனர். ரெபெக்கா ஆடம்ஸ் 1989இல் தம் மாணவர்களுடன் இக்குழுவின் இசைப்பயணத்தைப் பின்தொடர்ந்து கள ஆய்வு மேற்கொண்டார். அத்தகைய ஆய்வுகள் ரசிகர்களின் உறவு, சடங்கு, பயணம் ஆகியவற்றையே மிகுதியும் நோக்கின. ரசிகர்கள் விட்டுச்சென்ற நாடாக்களையும் பட்டியல்களையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு, அவை எவ்வாறு உருவாயின, எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என வினவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மேடையில் மாறும் பாடம்

ஒரே குழுவின் நிகழ்ச்சிகளை நூற்றுக்கணக்கில் சேர்க்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பது முதல் வினா. ஜாம் இசைக்குழு எனப்படும் வகையின் முன்னோடியாக இக்குழு கருதப்படுகிறது. பாடலின் கட்டமைப்பு ஓரளவு நிலையாக இருக்க, அதன் இடைவெளிகளில் கலைஞர்கள் அக்கணத்தில் தோன்றியவாறு இசையை விரித்துச் செல்வது இவ்வகையின் இயல்பு. கர்நாடக இசை மரபில் மனோதர்மம் எனப்படுவதை இதற்கு நெருக்கமாகச் சொல்லலாம். ஆயினும் இங்கு ஒருவர் விரிக்க மற்றவர் பின்தொடர்வதைக் காட்டிலும், அனைவரும் ஒருங்கே விரிப்பதே மிகுதி. பாடல் வரிசையும் முன்கூட்டி முடிவாவதில்லை. பெரும்பாலும் மேடையிலேயே உருவாயிற்று.

'டார்க் ஸ்டார்' என்னும் பாடல் இதற்குத் தக்க சான்று. 1968இல் இசைத்தட்டாக வந்த அதன் வடிவம் மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. 1969இல் வெளியான 'லைவ்/டெட்' தொகுப்பில் அதே பாடல் இருபது நிமிடங்களைக் கடந்தது. 1972 ஆகஸ்டு 27ஆம் நாள் ஒரிகன் மாநிலத்தின் வெனிட்டாவில் அரைமணி நேரம் நீண்டது. இவற்றுள் எது மூலம், எது வழிமொழி என்னும் கேள்விக்கே இடமில்லை. இசைத்தட்டை மட்டும் வைத்திருப்பவர் பாடலின் ஒரு நிழலையே வைத்திருக்கிறார் என்னும் எண்ணம் ரசிகர்களிடம் வேரூன்றியது இதனால்தான். நேற்று கேட்டதும் இன்று கேட்டதும் வேறு வேறு எனும்போது, இரண்டையும் ஒப்பிட்டுச் சுவைக்க இரண்டின் பதிவும் வேண்டும். இங்குத் துய்த்தலும் ஆவணமாக்கலும் ஒரே செயலின் இரு முகங்களாயின.

கருவியும் கைமாற்றும்

பதிவு செய்யும் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் ரசிகர்கள் அல்லர். குழுவின் தொடக்ககால ஒலிப்பொறியாளரான ஆவ்ஸ்லி ஸ்டான்லி, தம் ஒலியமைப்பு எவ்வாறு ஒலித்தது எனப் பின்னர்ச் சரிபார்ப்பதற்காகவே நிகழ்ச்சிகளைப் பதிந்தார். அவற்றை ஒலி நாட்குறிப்புகள் என்னும் பொருளில் வழங்கினார். எல்.எஸ்.டி. தயாரித்த வழக்கில் 1970 முதல் 1972வரை அவர் சிறையில் இருந்தார். தனியொருவரின் பழக்கத்தைச் சார்ந்து நிற்கும் ஆவணம் அவர் இல்லாதபோது என்னவாகும் என்பதற்கு 1970ஆம் ஆண்டின் பிற்பகுதி சான்றாகிறது. அக்காலத்து மேடைப்பதிவுகள் குறைவு. அவ்வெற்றிடத்தில் ஒரு பகுதியை நிரப்புபவை நியூயார்க் சுற்றுவட்டார அரங்குகளில் பார்வையாளர் கையடக்கக் கருவிகளால் மறைத்துப் பதிந்த நாடாக்களே.

1971ஆம் ஆண்டு வெளியான மேடைப்பதிவு இசைத்தட்டின் உள்ளுறையில், ரசிகர்கள் தம் முகவரியை எழுதியனுப்புமாறு குழு கேட்டுக்கொண்டது. அதே காலத்தில் நியூயார்க்கில் நாடாப் பரிமாற்றக் குழுக்கள் தோன்றின; அவற்றின் வழியே 1974இல் 'டெட் ரெலிக்ஸ்' என்னும் இதழ் பிறந்தது. எனினும் பதிவு செய்வதற்கு அப்போது முறையான இசைவு இல்லை. மேடைப் பணியாளர்கள் ரசிகர்களின் ஒலிவாங்கிக் கம்பிகளை வெட்டிய நிகழ்வுகளும் உண்டு. தம் இசையைத் தாம் வாசித்து முடித்தபின் அது கேட்போருக்குரியது என்னும் கருத்துடையவராகவே கார்சியா பெரிதும் நினைவுகூரப்படுகிறார். ஆனால் அக்கருத்து நடைமுறை விதியாக மாறப் பல்லாண்டுகள் ஆயின என்பதை ரசிகர் எழுத்துகள் எளிதில் மறந்துவிடுகின்றன.

1984 அக்டோபர் 27ஆம் நாள், பெர்க்லி சமுதாய அரங்கில், பதிவு செய்வோர்க்கெனத் தனி இருக்கைப் பகுதி ஒதுக்கப்பட்டது. இதைப் பெருந்தன்மையின் வெளிப்பாடாக மட்டும் காண்பது முழுமையாகாது. மிக்சர் எனப்படும் ஒலிக்கலவை மேசைக்கு முன்னுள்ள இடமே ஒலி சிறக்கும் இடமாதலால், பதிவாளர்கள் உயர்ந்த கம்பங்களில் ஒலிவாங்கிகளை ஏற்றி அங்கேயே திரண்டனர். மேசையில் அமர்ந்த பொறியாளருக்கு மேடையே தெரியாமற் போயிற்று. அவர்களை மேசைக்குப் பின்னால் அமர்த்தியது அச்சிக்கலுக்குக் கண்ட தீர்வுமாகும். விற்கலாகாது, பரிமாறிக்கொள்ளலாம் என்பது நிலைபெற்ற நெறியாயிற்று. புதிதாக வந்த ஒருவர் வெற்று நாடாவையும் அஞ்சல் செலவையும் அனுப்பினால், முன்பின் அறியாத மூத்த சேகரிப்பாளர் படியெடுத்து அனுப்பும் வழக்கம் இந்நெறியின் கனி.

படியெடுத்தல் என்றதும் ஏட்டுச்சுவடி மரபு நினைவுக்கு வருவது இயல்பே. காந்த நாடாவைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் கூடும். கருவியின் வேகம் பிறழ்ந்தால் சுருதியே மாறும். எனவே சேகரிப்பாளர்கள் நாடா உறையில் நாள், இடம், பாடல் வரிசை ஆகியவற்றோடு, ஒலிக்கலவை மேசையிலிருந்து பெறப்பட்டதா பார்வையாளர் பகுதியில் பதியப்பட்டதா, எந்த ஒலிவாங்கி, மூலத்திலிருந்து எத்தனையாவது படி என்பவற்றையும் எழுதினர். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடமே ஓடும். நிகழ்ச்சியின் இரண்டாம் பகுதியோ பெரும்பாலும் அதனினும் நீண்டது. நாடாவைத் திருப்பும் சில நொடிகளில் இசை அறுபடும். அவ்வறுப்பு பெரும்பாலும் விரிவாக்கத்தின் நடுவிலேயே விழும். வேறொரு வரிசையில் அமர்ந்து வேறொரு நேரத்தில் நாடாவைத் திருப்பியவரின் பதிவைத் தேடிப் பெற்று அந்த நொடிகளை ஒட்டவைப்பது சேகரிப்பாளரின் பணியாயிற்று. சிதைந்த ஏட்டின் விடுபட்ட அடியைப் பிறிதொரு சுவடியால் நிரப்பும் பதிப்பாசிரியரின் செயலுக்கு இது மிக அணித்தானது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. சுவடியில் பாட வேறுபாடு பெரும்பாலும் படியெடுத்தோரால் நேர்வது. இங்கு வேறுபாடு இரு நிலைகளில் உள்ளது: நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கலைஞர் செய்த மாற்றம் போற்றப்படுகிறது, படிக்குப் படி கருவி செய்த மாற்றம் களையப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் செவிப்பயிற்சியையே இச்சமூகத்தின் உண்மையான புலமையாகக் கொள்ள வேண்டும்.

பட்டியல் என்னும் நூல்வகை

நாடாக்கள் பெருகியபின் அவற்றுக்கு அடைவு தேவைப்பட்டது. ஜான் ஸ்காட், மைக் டால்குஷ்கின், ஸ்டு நிக்சன் ஆகியோர் தொகுத்த 'டெட்பேஸ்' 1987இல் வெளிவந்தது. பின்னர்ப் பல பதிப்புகள் கண்டது. நாள்வாரியாக நிகழ்ச்சி, இடம், பாடல் வரிசை ஆகியவற்றைத் தரும் இந்நூலில், ஒரு பாடல் நின்று மறுபாடல் தொடங்கியதா, அல்லது இடைவெளியின்றி ஒன்று மற்றொன்றாக உருமாறியதா என்பதைக் குறிக்க அம்புக்குறி போன்றதொரு அடையாளம் கையாளப்பட்டது. சிறு குறியீடுதான், எனினும் எது தகவல், எது புறக்கணிக்கத்தக்கது என்னும் கோட்பாட்டு முடிவு அதில் அடங்கியுள்ளது. பாடலின் எல்லையைக் காட்டிலும் பாடல்களுக்கிடையிலான கடப்பே முதன்மையானது என்பதை எந்த விமரிசகரும் சொல்வதற்குமுன் இப்பட்டியல் சொல்லிவிட்டது. 1998 முதல் 2000வரை மூன்று தொகுதிகளாக வந்த நாடா மதிப்பீட்டுத் தொகைநூல் இதன் அடுத்த நிலை. அது ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கேட்டு, ஒலித்தரத்தையும் இசைத்தரத்தையும் எழுத்தில் மதிப்பிட முயன்றது.

ஒலித்தரமும் வரலாற்றுத் தீர்ப்பும்

ஒலித்தரம், இசைத்தரம் என்னும் அவ்விரண்டையும் ரசிகர் மரபு எந்த அளவுக்குப் பிரித்தறிந்தது என்பது ஐயத்துக்குரியது. 1977 மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நடந்த நிகழ்ச்சி, குழுவின் மிகச் சிறந்த நிகழ்ச்சி எனப் பலராலும் கருதப்படுகிறது. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2011ஆம் ஆண்டுக்கான தேர்வுகளுள் அதுவும் ஒன்று. அதைப் பதிந்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். ஆண்களே மிகுந்திருந்த ஒலிப்பணித் துறையில் ஒரு பெண் பதிந்த நாடாக்கள் இவ்வரலாற்றின் அளவுகோலாக அமைந்தது தனியே ஆராயத்தக்கது. குழுவின் பணியிலிருந்து அவர் விலகியபின், அவருடைய சுருள்நாடாக்கள் இருந்த வாடகைக் கிடங்கின் பொருட்கள் 1986இல் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எடுத்தோர் கைகளிலிருந்து அவை படியெடுக்கப்பட்டு, அவருடைய பெயராலேயே ரசிகரிடையே பரவின. பெரும்பான்மைச் சேகரிப்பாளர்கள் அதுவரை கேட்டிராத தெளிவுடன் 1977ஆம் ஆண்டின் இளவேனிற்காலம் ஒலித்தது அதன் பின்னரே.

அவ்விளவேனில் பயணத்தில் இதற்கு நிகரான நிகழ்ச்சிகள் வேறும் உள்ளன என்று வாதிடும் ரசிகர் பலர். கார்னெலின் முதன்மை முழுவதும் நாடாவின் தெளிவால் வந்தது என்பது மிகைக்கூற்று. அன்றைய இசையின் இறுக்கமும் ஒருமையும் செவிக்கு வெளிப்படையானவை. ஆனால் அந்நாடா கிடங்கிலேயே கிடந்து அழிந்திருந்தால், பார்வையாளர் பதிவு ஒன்றை மட்டும் கொண்டு அந்நிகழ்ச்சி அவ்விடத்தை எய்தியிருக்குமா என்னும் வினாவைத் தவிர்க்க இயலாது. கேட்க இனிதாய் இருந்த சான்றே மிகுதியாகப் படியெடுக்கப்பட்டது. மிகுதியாகப் படியெடுக்கப்பட்டதே மிகுதியாக மதிக்கப்பட்டது. துய்ப்பை அடிப்படையாகக் கொண்ட ஆவணத்தின் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் ஊற்றெடுக்கின்றன. இரைச்சல் மிகுந்த நாடாக்களில் மட்டும் எஞ்சியுள்ள மாலைகளுக்கு வழக்குரைப்போர் குறைவு.

உடைமை

1985 முதல் குழுவின் நாடாப் பெட்டகத்தைக் காத்தவர் டிக் லாட்வாலா. அவர் அடிப்படையில் ஒரு நாடாச் சேகரிப்பாளர். ரசிகராகப் பெற்ற செவியே அவருக்கு அப்பணியைப் பெற்றுத்தந்தது. அவர் தேர்ந்த நிகழ்ச்சிகள் 'டிக்ஸ் பிக்ஸ்' என்னும் வரிசையாக 1993இல் வெளிவரத் தொடங்கின. 1973 டிசம்பரில் டாம்பா நகரில் நடந்த நிகழ்ச்சி முதல் வெளியீடாயிற்று. ரசிகரின் சுவையே நிறுவனத்தின் பதிப்புக் கொள்கையாக மாறிய தருணம் அது. பரிமாற்றப் பொருளாக இருந்த நாடா விற்பனைப் பொருளாகவும் ஆயிற்று. இரண்டுக்கும் இடையிலிருந்த முரண் 2005 நவம்பரில் வெளிப்பட்டது. இணைய ஆவணக் காப்பகத்தில் ரசிகர்கள் ஏற்றிவைத்திருந்த இக்குழுவின் பதிவுகளைத் தரவிறக்கம் செய்யும் வசதி குழுவின் தரப்பால் நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது, குழுவின் உறுப்பினர் ஃபில் லெஷே அம்முடிவில் தமக்குப் பங்கில்லை என்றார். சில நாட்களில் பார்வையாளர் பதிவுகள் மீண்டும் தரவிறக்கத்துக்கு வந்தன. ஒலிக்கலவை மேசைப் பதிவுகளைக் கேட்க மட்டுமே இயலும் என்றாயிற்று. அரங்கின் காற்றிலிருந்து பிடிக்கப்பட்ட ஒலி கேட்டவருக்குரியது, மேசைக் கம்பியிலிருந்து எடுக்கப்பட்டது குழுவுக்குரியது என்னும் இப்பாகுபாட்டுக்கு இசையியல் அடிப்படை ஏதும் இல்லை. இரு பதிவுகளையும் கலந்து ரசிகர்கள் உருவாக்கிய இணைப்புப் பதிவுகளை அது எப்பக்கம் நிறுத்தும் என்பதும் எளிதில் விடைகூறக் கூடியதன்று.

இன்று இச்சான்றுகள் ஓரிடத்தில் இல்லை. 2008இல் குழு தன் கடிதங்கள், சுவரொட்டிகள், அலுவலக ஆவணங்களைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்துக்கு அளித்தது. அத்தொகுதி 2012 முதல் ஆய்வாளர்க்குத் திறந்துள்ளது. மூல நாடாப் பெட்டகம் இசை வெளியீட்டு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. பார்வையாளர் பதிவுகள் இணைய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குறிப்பிட்ட ஒரு மாலையை ஆராய விழைபவர் காகிதத்துக்கு ஓரிடமும், கம்பிவழி வந்த ஒலிக்கு மற்றோரிடமும், காற்றுவழி வந்த ஒலிக்கும் கைதட்டலுக்கும் வேறோரிடமும் செல்ல வேண்டியவராகிறார். அம்மூன்றையும் நாள்வாரியாக இணைத்துக் காட்டும் அடைவோ, இன்னமும் ரசிகர்கள் தொகுத்த பட்டியலே.