கால் பிரண்டவர்களுக்கு ஒரு மொன்றியல் கதை

விளையாட்டில் கால் பிரண்டு பிசியோதெரபிக்குப் போகிற நம் வாலிபர் பலர் முதல் நாள் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள் என்று போனால், அங்கே கேள்விகள். எப்போது விழுந்தீர்கள், எந்தப் பக்கம் மடங்கியது, படி இறங்கும்போது நோகிறதா? பிறகு இரண்டு காலையும் ஒப்பிட்டு அசைத்துப் பார்ப்பார்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். கடைசியில் வீட்டுப்பாடம்: இந்தப் பயிற்சிகளை நாள்தோறும் செய்யுங்கள். "இதற்கா காசு?" என்று அம்மாமார் கேட்பதும் உண்டு.

நோயாளியையே உழைக்க வைக்கும் இந்த வழக்கத்தின் வரலாற்றில் நமது நகரத்துக்கும் பங்கு இருக்கிறது.

ஜேம்ஸ் நைஸ்மித் 1887இல் மக்கில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, இங்கேயே பிரெஸ்பிற்றேரியன் கல்லூரியில் இறையியல் படித்தவர். போதகராகப் போகிறவன் முரட்டுப் பந்தாட்டம் ஆடுவதா என்று கவலைப்பட்ட சக மாணவர்கள் அவருடைய ஆத்துமாவுக்காகக் கூடி ஜெபித்தார்களாம்! (இந்தக் கவலை நம் வீடுகளிலும் முற்றாகப் போய்விடவில்லை.) அவர் பிரசங்க பீடத்தைத் தேடாமல் ஸ்பிரிங்பீல்ட் வைஎம்சிஏ பயிற்சிப் பள்ளிக்குப் போய், 1891 டிசம்பரில் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி பக்தான் 1920இல் சென்னையில் வைஎம்சிஏ உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர்.

நைஸ்மித்தின் ஊர்த் தோழர் ரெய்ட் மக்கென்சி. ஸ்கொட்லாந்துச் சபைப் போதகரின் மகன். ஒன்பது வயதில் தகப்பனை இழந்தவர். 1892இல் மக்கிலில் வைத்தியரானார். உடற்கூற்றியல் கற்பித்தார், மாணவர்களின் உடற்பயிற்சிக்கு வைத்தியப் பொறுப்பாளராகவும் இருந்தார். முதுகு வளைந்தவர்களுக்கு அவர் கொடுத்த மருந்து பயிற்சி. ஓடுகிறவனின் முகம் கடும் முயற்சி, மூச்சிரைப்பு, களைப்பு, முழுச் சோர்வு என்று மாறுவதை நான்கு முகமூடிகளாக வடித்தார். வைத்தியர் ஒருவர் முகத்தை இவ்வளவு கவனித்துப் பார்த்தது எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1904இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

முதலாம் உலகப் போரில் அவர் பிரித்தானிய இராணுவ வைத்தியப் படையில் சேர்ந்தார். மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க்கில் காயம்பட்ட வீரர்களை எழுப்பி நடக்க வைத்தார். விறைத்துப்போன விரலையும் மணிக்கட்டையும் அவர்களே அசைத்துப் பழகச் சிறு கருவிகள் செய்தார்.

அதே போர்க்காலத்தில் மொன்றியலில் இந்த வேலை பெண்களின் கைக்கு வந்தது. மக்கிலில் எதெல் கார்ட்ரைட் உடற்பயிற்சி கற்பித்தார். அவரிடம் பயின்றவர் இந்த நகரத்திலேயே பிறந்த ஈனிட் பின்லே. மணத்துக்குப் பின் ஈனிட் கிரஹம். காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்த அவர், 1920இல் கனடாவின் முதல் பிசியோதெரபிச் சங்கத்தை உருவாக்குவதில் முன்னின்றார். அப்போது அதன் பெயரில் "பிசியோதெரபி" என்ற சொல்லே இல்லை. மசாஜ், சிகிச்சை உடற்பயிற்சி என்றுதான் இருந்தது. வைத்தியர் சொல்லாமல் நோயாளியைத் தொடுவதில்லை என்பது அந்தத் தலைமுறையின் கட்டுப்பாடு.

இன்று கியூபெக்கில் வைத்தியரின் கடிதம் இல்லாமலே பிசியோவிடம் போகலாம். காப்புறுதிக்காரர் சிலர் மட்டும் கடிதம் கேட்பார்கள்; போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அரைக் காற்சட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள், முழங்காலைப் பார்க்க வேண்டும்.